கன்னி ஈக்களுக்குப் பிறந்த புழுக்கள்

யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த முதல் உபதேசம், 'விந்து' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது. சொன்னவர் டாக்டர் பரமலிங்கம். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பூச்சி ஆய்வுகூடத்தின் இயக்குநர். வேனின் முன் சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பி, டிரைவருக்குக் கேட்காத குரலில், தாங்கள் 'இனப்பெருக்கச் சுரப்பு' என்றுதான் எழுதுவதாகவும் நானும் அப்படியே பேசினால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் பழ ஈயின் விந்துத் திரவத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பரீட்சைக்குப் படிப்பார்கள், அவ்வளவுதான் அந்தச் சொல்லின் மிரட்டல். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பத்து நிமிஷத்தில் அதை நாலு தடவை சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். வேன் ஒழுங்காகத்தான் போனது.

என்னை வரவழைத்தது பாடம் நடத்த அல்ல, ஒரு கையெழுத்துக்கு. ஆய்வுகூடத்தில் முதுகலைப் பட்டத்துக்கு வேலை செய்யும் ஜெனிற்றா என்ற பெண் பதிவேட்டில் பொய் நேரம் எழுதுகிறாள் என்று பரமலிங்கம் முடிவு கட்டி, அதை அறிக்கையாகவும் எழுதி வைத்திருந்தார். அது பல்கலைக்கழகத்துக்குப் போனால் அவளுடைய பதிவு ரத்து. படிப்பும் போகும், பேரும் போகும். "வெளியாள் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்து வைச்சால் நியாயமா இருக்கும்" என்றார். நியாயம் பார்க்கிற மனிதர்தான். ஆனால் தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சிக்கு ஆள் பிடிக்கிற நியாயம் எனக்குச் சரிப்பட்டு வராது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பசி, சொல்லவில்லை.

கொக்குவிலில் செல்வராணி அக்கா வீட்டு மேல் அறையில் எனக்குத் தங்கல். உயர்ந்த மதில், இரும்புக் கேற், உள்ளே முருங்கையும் இரண்டு நாயும். ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி மட்டும் சின்னதாக நடுங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும், சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் வந்தன. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைச் சாப்பாடு ஆக்கிவிடுவோம். இங்கே சொதியின் எலுமிச்சைப் புளிப்பும் பக்கத்தில் வைத்த, செத்தல் என்கிற வற்றல் மிளகாய்ச் சம்பலும் சேர்ந்து என் கண்ணில் தண்ணீர் வரவழைத்தன. போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன். அக்கா கையைத் தள்ளிவிட்டு இன்னும் மூன்று வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆட்டோவை இங்கே ஓட்டோ என்கிறார்கள். பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை, தாவடிக்கு முன்பாகவே கிளட்ச் கேபிள் அறுந்து நின்றது. மிச்சத்துக்குப் பஸ் பிடித்து, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் ஆஞ்சநேயர் கோயில் வரை போய், திரும்ப வெயிலில் நடந்து ஆய்வுகூடத்தை அடைந்தபோது மணி பத்து. உள்ளே வழிபாடு நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் உண்டாம். ஈப் போத்தல்கள் அடுக்கிய அறையின் கிழக்கு மூலையில் பிள்ளையார் படம், குத்துவிளக்கு, கற்பூரம். கௌரி என்ற உதவியாளர் தேவாரம் பாடினார். நல்ல குரல். எனக்கும் மனசு நிறைந்தது. கடலையும் மோதகமும் கொடுத்தார்கள். புடவை முதுகோடு ஒட்ட வியர்த்துக்கொண்டே நாலு மோதகம் தின்றேன், மறைப்பானேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பரமலிங்கம் தன் வழக்கை எடுத்து வைத்தார். வழக்குப் புரிய ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தச் சின்ன ஈதான். ஆண் ஈ பெண்ணுக்குக் கொடுப்பது விந்தணுவை மட்டும் அல்ல. கூடவே ஒரு திரவம் போகிறது. அதில் பலவகைப் புரதங்களும், புரதங்களை வெட்டுகிற நொதிகளும் உண்டு. இங்கே நொதியம் என்பார்கள். அந்த நொதிகள் ஆணிடமிருந்து அரைத் தூக்கத்தில் புறப்படுகின்றன. வழியில் விழித்து, பெண்ணின் உடம்புக்குள் போய்த்தான் முழு வேலையையும் முடிக்கின்றன. கூட வந்த புரதங்களை வெட்டி வேலைக்கு அனுப்புகின்றன. அதன் பிறகு பெண் ஈ விந்தணுவைத் தன் பைகளில் சேமித்துவைத்து, முட்டைகளை மளமளவென்று இடும். அடுத்த ஆண் கிட்டே வந்தால் காலால் உதைத்துத் தள்ளும்.

ஜெனிற்றாவின் கேள்வி எளிமையானது. குறிப்பிட்ட ஒரு நொதி இல்லாத ஆணோடு சேர்ந்த பெண் ஈ, இன்னோர் ஆணைச் சீக்கிரம் ஏற்குமா? கேட்கச் சின்னக் கேள்விதான், ஆனால் தோட்டக்காரருக்கு இதில் காரியம் இருக்கிறது. காயைக் கெடுக்கும் பெரிய பழ ஈக்களில் ஆண்களை மலடாக்கித் தோட்டத்தில் விடும் முறை ஒன்று உண்டு. மலட்டு ஆணோடு சேர்ந்த பெண், போதும் என்று இருந்தால்தான் காய் பிழைக்கும். அது வேறோர் ஆணைத் தேடிப் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அந்தப் பெரிய ஈயைத் தொடுவதற்கு முன்னால் சின்ன ஈயில் பார்த்துவிடுவோம் என்பது அவள் திட்டம்.

இதற்குக் கன்னி ஈக்கள் வேண்டும். கூட்டிலிருந்து வெளியே வந்த பெண் ஈ எட்டு மணி நேரத்துக்கு ஆணைச் சேர்க்காது என்பது புத்தகக் கணக்கு. ஆகவே காலை ஆறு மணிக்குப் போத்தலில் இருக்கும் ஈக்களை முழுக்க வெளியேற்றிவிட்டு, பகல் இரண்டு மணிக்குள் புதிதாக வந்த பெண்களைப் பிரித்துவிட வேண்டும். பிரித்தவற்றில் சிலவற்றைத் தனியாக வைப்பது வழக்கம். கன்னியாக இருந்தால் அவை இடும் முட்டையிலிருந்து புழு வராது. ஆனால் வாரந்தோறும் திங்கட்கிழமை சில குழாய்களில் புழு நெளிந்தது.

"கிழமைக்கு ஒருக்கால் பிழைக்குது. அவ கிழமைக்கு ஒருக்கால் கோயிலுக்குப் போறா" என்றார் பரமலிங்கம். ஜெனிற்றா குருநகர்ப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வந்து பதிவேட்டில் ஆறு என்று எழுதுகிறாள், அன்றைக்குக் காவலாளியும் பத்து மணிக்குத்தான் வருவான், கேட்பாரில்லை, இதுதான் குற்றச்சாட்டு. எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லியாயிற்று. "பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்க்க வேண்டுமா என்ன, புழு சொல்கிறதே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை பேசுவோம் என்றேன்.

சனிக்கிழமை காலையில்தான் ஜெனிற்றாவை நேரில் பார்த்தேன். மெலிந்த பெண், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். புழு வந்த குழாய் ஒவ்வொன்றின் எண்ணையும் பின்னால் தேடிப் போனோம். ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை பிரித்த ஈ அல்ல. எல்லாம் வெள்ளிக்கிழமை பிரித்தவை. வெள்ளி பிரித்தால் ஞாயிறு முட்டை, திங்கள் புழு. பரமலிங்கம் புழுவுக்கு முந்தின நாளைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார்.

இதை அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னனான் மிஸ். பதிவேடு எழுதினதே நீர்தானே, அதை எப்பிடி நம்புறது எண்டார்." வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கெடுகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்றைக்கும் ஆறு மணிக்கு வருகிறாள், போத்தலைக் காலி செய்கிறாள், வழிபாட்டு நேரத்தில் தான் இருந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம் என்று தானாகவே யாழ்ப்பாணம் போய் நூலகத்தில் இருந்துவிட்டு இரண்டு மணிக்குள் திரும்புகிறாள். யாரும் போகச் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை.

பகல் சாப்பாட்டுக்குக் குருநகருக்கு அழைத்துப் போனாள். கடலோரத்தில் நெருக்கமான வீடுகள், வாசலில் உலரும் வலைகள், சந்திக்குச் சந்தி கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புனிதர். அவள் அம்மா மற்றில்டா நண்டுக் கறி வைத்திருந்தார். எங்கள் ஊரில் நண்டைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம், செய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள இன்னொரு மணி நேரம். அவர் என்னோடு பேசிக்கொண்டே ஒரு தட்டு நிறைய நண்டை ஓடு உடைத்து என் பக்கம் தள்ளினார். முருங்கையிலை மணக்கிற குழம்பு. நான் பேச்சை மறந்து சாப்பிட்டேன்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். ஞாயிறு காலைப் பூசைக்கு மகள் போகிறாளா என்று கேட்டதும் அந்த அம்மாவின் முகம் சிவந்தது. என் மேல் அல்ல, மகள் மேல். விடிய நாலரைக்கு எழும்பி ஈயைப் பார்க்க ஓடுகிறாளாம், பின்நேரப் பூசைக்குத்தான் வருகிறாளாம், பங்குச் சுவாமியார் கேட்கும்போது தனக்கு வெட்கமாக இருக்கிறதாம். "ஈக்காண்டி விடியப் பூசையை விட்டவள், டீச்சர். அதுக்கு நான் அவளோடை கதைக்காமல் இருந்த நாளும் இருக்கு. இவள் போய்ப் பொய் எழுதுவாளோ?" பிறகு நண்டுக் காலை நறுக்கென்று உடைத்தார். "கன்னி பிள்ளை பெத்தது உலகத்திலை ஒருக்கால்தான். இவளின்ரை போத்திலுக்கை கிழமைக்குக் கிழமை நடக்குமோ? வேறை ஏதோ இருக்கு, தேடிப் பாருங்கோ." எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. ஜெனிற்றா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு அவள் ஸ்கூட்டரில் கொக்குவில் கேற்றடியில் நின்றாள். நானே கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இணுவில் தாண்டுவதற்குள் பின் சக்கரம் காற்றிறங்கிவிட்டது. விடியாத நேரம், கடை ஒன்றும் திறக்கவில்லை. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்கூட்டரைத் தெரிந்த வீட்டு மதிலோரம் பூட்டிவிட்டு, மருதனார்மடம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போன லான்ட்மாஸ்ரரைக் கைகாட்டி நிறுத்தினாள். கைப்பிடி உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி கட்டிய வண்டி அது. ஐம்பத்தாறு வயதில், கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைக்கும் பீற்றூட் மூட்டைக்கும் நடுவில் செருகப்பட்டேன். ஒவ்வொரு குழிக்கும் என் முதுகெலும்பு தனித்தனியாகப் பதில் சொன்னது.

ஓட்டி வந்த ஐயா அளவெட்டிக்காரர், இணுவிலில் மச்சானின் கோவாவையும் ஏற்றிக்கொண்டு போகிறாராம். இந்த நேரத்தில் எங்கே போகிறோம் என்று கேட்டார். ஈயின் விந்தை ஆராயப் போகிறோம் என்று என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். ஒரு கணம்கூட அவர் முகம் மாறவில்லை. "என்ரை பாவற்காயைப் பாதிக்குப் பாதி உந்த ஈதான் திண்டது. கெதியா ஏதும் செய்யுங்கோ" என்றார். இறக்கிவிடும்போது எங்கள் கையில் இரண்டு வெள்ளரிக்காயும் கொடுத்தார். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொன்ன பரமலிங்கத்தை அப்போது பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆறு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது, புத்தகம் சொல்கிற இருபத்தைந்து பாகையில். போத்தல் போத்தலாக அவள் காலி செய்ய, நான் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டேன். குளிர்ந்தது. அங்கேதான் தட்டியது. வெள்ளிக்கிழமை இதே அறையில் வியர்வையில் குளித்தேனே!

அந்த நிமிஷமே கௌரிக்குப் போன் செய்தேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: ஏசிக் காற்று விளக்கை அணைத்துவிடும், சாம்பிராணிப் புகையும் உள்ளே சுற்றும், ஆகவே வழிபாட்டுக்கு முன்னால் ஏசியை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிடுவார், படையல், பகிர்வு, சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பப் போடுவார். ஜெனிற்றா வரும்போது அறை குளிர்ந்திருக்கும். சுவரில் வெப்பமானி உண்டு, ஆனால் அது பார்க்கிற நேரத்து வெப்பத்தை மட்டும்தான் சொல்லும். எட்டு மணி நேரம் என்பது இருபத்தைந்து பாகைக்கு எழுதிய கணக்கு. யாழ்ப்பாணத்து வெயிலில் அறை வெந்தால் ஈயும் சீக்கிரம் பக்குவப்படும். இரண்டு மணிக்கு முன்பே சில பெண்கள் ஆணைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அவற்றைக் கன்னி என்று எழுதினால் எழுதியவள்தான் பொய்க்காரி ஆவாள்.

எனக்கு இது போதும், பரமலிங்கத்துக்குப் போதாது. ஆகவே காலியாக்கிய போத்தல்களில் பாதியை ஏசி அறையில் வைத்தோம், பாதியைப் பின் விறாந்தை நிழலில் வைத்தோம். இரண்டு மணிக்கு வரச் சொல்லி அவருக்குத் தகவல் அனுப்பினேன். மரியாதையான மனிதர், சொன்ன நேரத்துக்கு வேட்டியோடு வந்தார். இரண்டு இடுக்கி, ஒரு சொட்டு உப்புநீர், நுண்ணோக்கி. அவர் காட்டிய போத்தலிலிருந்து, அவர் காட்டிய ஈயை எடுத்துத்தான் அறுத்தேன். அறைக்குள் இருந்த பெண் ஈக்களின் சேமிப்புக் குழாய் வெறுமையாக இருந்தது. விறாந்தை ஈக்களில் மூன்றாவதைத் திறந்து வைத்ததும் ஒதுங்கி அவரைப் பார்க்கச் சொன்னேன். விந்தணுக்கள் நூல் நூலாகச் சுருண்டு நெளிந்துகொண்டிருந்தன.

நெடுநேரம் குனிந்தே இருந்தார். "ஓம், நெளியுது" என்றார் கடைசியில். ஜெனிற்றா அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையில் இடுக்கி இருந்ததால் தட்டவில்லை.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு விமானம். காலையில் செல்வராணி அக்கா வழிக்கென்று மூன்று றோல்ஸை வாழையிலையில் சுற்றித் தந்தார். ஆய்வுகூடத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள், முன்பு அவளைப் பொய்க்காரி என்று சொல்லும்போது கேட்டிருந்த அதே ஆட்கள். பிளேன்டீ, அதாவது பாலில்லாத தேநீர், வந்தது. பரமலிங்கம் புது அறிக்கையை வாசித்தார். செல்வி ஜெனிற்றாவின் மேல் எந்தத் தவறும் இல்லை, முந்தைய குற்றச்சாட்டு மீளப் பெறப்படுகிறது, வெள்ளிக்கிழமைக் குழாய்கள் கெட்டதற்குக் காரணம் தொடர்ந்து ஏற்பட்ட மின்தடை. ஆய்வேட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"மின்தடையா?" என்றேன். சாமிக்கு விளக்கு வைத்ததால் ஈ கெட்டது என்று எழுதினால் ஊர் என்ன சொல்லும், அறக்கட்டளைப் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள், வழிபாட்டுக்கே அல்லவா கெட்ட பேர் என்றார். இனி விளக்கை வெளியே வைத்துக்கொள்வார்களாம், எல்லாம் சரியாகிவிடுமாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது போதும் போலத்தான் இருந்தது. குற்றம் நீங்கியது, படிப்பு பிழைத்தது, ஒரு சொல்தானே. நாலு நாளாக வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசிய நான்தான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

ஜெனிற்றா எழுந்து நின்றாள்.

"நான் எழுதினது முழுக்கப் பொய் எண்டு இவ்வளவு பேருக்கும் முன்னாலை சொன்னியள், சேர். என்ரை பதிவேட்டிலை இண்டைக்கு வரைக்கும் ஒரு பொய்யும் இல்லை. இதை எழுதினால் ஒண்டு வந்திடும். நான் எழுத மாட்டன்."

நான் பேனாவை மூடினேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதாவிட்டால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. பரமலிங்கம் தாளைத் தன் பக்கம் இழுத்து, மின்தடை என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே பேனாவைப் பிடித்தபடி கௌரியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை கௌரி, ஏசியை எத்தினை மணிக்கு நிப்பாட்டுறனீர்?"

"எட்டரைக்கு, சேர். திரும்பப் போடேக்கை ஒரு மணி தாண்டியிடும்."

இரண்டு நேரத்தையும் தன் கையாலேயே எழுதினார். பிறகு எழுந்து, தாளை ஜெனிற்றாவின் முன்னால் வைத்து, "சரியோ எண்டு பாரும்" என்றார். அவள் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டேயிருந்தார்.